பின்னூட்டப் படிவம்

மஞ்சக்குப்பத்தில் மூன்று நாள் பயிற்சி.
உடல்நலமும் அறிவியலும்,
ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு.
பத்து மணிக்குத் தேநீர்,
பதினொன்றுக்கு நுரையீரல்.

தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து
கிழித்த பலூனை அங்கே இழுத்துக் கட்டி
கழுத்துக்குள் இன்னொரு பலூனைத் தொங்கவிட்டால்
அதுதான் நுரையீரல்.
கீழே இழுத்தால் உள்ளே உப்பும்.
இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில்
இரண்டு பாகற்காய் வரைந்து
நுரையீரல் என்று சொல்லி வந்தவள் நான்.
"அட, மூச்சு விடுது பாருங்க" என்றேன்
பக்கத்து நாற்காலி குறிஞ்சிப்பாடி சாரிடம்.
அவர் கைபேசியில்
தேர்தல் பணி ஆணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள்
கை கழுவும் ஆறு படிகள்.
குழாயில் தண்ணீர் வரவில்லை.
நாற்பது ஆசிரியர்கள்
வெறுங்கையை வெறுங்கையால் தேய்த்தோம்.
"கட்டை விரலை விட்டுடாதீங்க"
என்றார் பயிற்றுநர் அருளப்பன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
இல்லாததை இருப்பதாக வைத்துக்கொண்டு
பாடம் நடத்துவது எங்களுக்குப் புதிதா என்ன.

மூன்றாம் நாள் திரையில் ஒரு வரி:
கேள்வி கேட்கும் குழந்தையைத் தடுக்காதீர்கள்.
எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டு
பயணப்படி வாங்கி வந்தேன்.

திங்கட்கிழமை, ஏழு நாற்பது பேருந்து.
மடியில் நுரையீரல்.
கெடிலம் பாலத்தில் கண்டக்டர் எட்டிப் பார்த்து
"இதுக்கு அரை டிக்கெட்டா டீச்சர்?" என்றார்.
ஓ.டி. தாண்டி, ஆலைச் சுவர்கள் தொடங்கி முடிய
ஜன்னல்கள் தாமாகச் சாத்திக்கொள்ளும் இரண்டு கிலோமீட்டரும் தாண்டி
எங்கள் பள்ளி.

மூன்றும் நான்கும் ஒரே அறை. பத்தொன்பது பேர்.
ஆளுக்கொரு முறை இழுத்துப் பார்த்தார்கள்.
லத்திகா மட்டும் இரண்டு முறை,
தன் மார்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு.
அவள் பையில்
பென்சில் டப்பாவோடு நீல நிற இன்ஹேலரும் இருக்கும்.

ருத்திஷ் கேட்டான்:
"காத்து மட்டும்தான் உள்ள போவுதா டீச்சர்,
நாத்தமும் போவுதா?"

எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது.
அன்றைக்கு முட்டை நாத்தம்.
நெயில் பாலிஷ் நாத்தம், பலாப்பழ நாத்தம் என்று
நான் பணிக்கு வரும் முன்பே
இந்தப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள்.

"போவும்" என்றேன்.

"போயி எங்க நிக்கும்?"

பயிற்சிக் கையேட்டை
முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை புரட்டினேன்.
பிறகு பழைய காலண்டர் ஒன்றைத் திருப்பி
கட்டம் போட்டோம்.
தேதி. காற்று வரும் திசை. என்ன வாசனை.
எத்தனை பேர் இருமினார்கள்.
திசை பார்க்கக் கொடிக்கம்பத்தில்
லத்திகாவின் ஒரு சடை ரிப்பன்.
இன்னொரு சடையில் ரப்பர் பேண்ட் போட்டு
அவள் அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

தலைமை ஆசிரியர் வாசலில் நின்று பார்த்தார்.
"ஆபீஸர் வந்தா இதைக் கழட்டி வச்சிடுங்க."
அவர் பேரனும்
நான்காம் வகுப்பில்தான் இருமுகிறான்.

இருபத்தாறாம் தேதி ருத்திஷின் முறை.
திசைக் கட்டத்தில் எழுதியிருந்தான்: தென்றல்.
வாசனைக் கட்டத்தில்: முட்டை.
இருமல்: 7.

நேற்று நான்தான் தமிழ்ப் பாடத்தில் சொன்னேன்,
தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்று.
இதமானது என்றும்.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
எழுத்துப் பிழை இல்லை.
மூடிவிட்டேன்.

நேற்றே அனுப்பியிருக்க வேண்டிய படிவம்
மேசையில் கிடக்கிறது.
பயிற்சி வகுப்பறையில் பயன்பட்டதா?
மிகவும். ஓரளவு. இல்லை.
"மிகவும்" என்பதில் டிக்.
பிற கருத்துகள் என்று
ஒன்றரை வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

அடுத்த பயிற்சியை எங்கள் பள்ளியில் வையுங்கள்,
தென்றல் வீசும் நாளாகப் பார்த்து.
தேநீர் நாங்கள் போடுகிறோம்.